சதுர பேட்டரியின் ருசி

பெட்டியைப் பிரித்தால் புது ப்ளாஸ்டிக் வாசனை வர வேண்டும். வரவில்லை. இரவு முழுக்க வாயைத் திறந்தபடி தூங்கிய ஒருவர், பல் தேய்க்காமல் முகத்துக்கு நேராக வந்து பேசினால் எப்படி இருக்குமோ, அந்த வாடைதான் வந்தது. ஷண்முகப்ரியா கத்தியைக் கீழே போட்டுவிட்டு, நைட்டிக்கு மேல் போட்டிருந்த துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

காலை பதினொரு மணி. மந்தைவெளியில் அந்த நேரத்துக்கு வர வேண்டிய சத்தங்கள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. மாடி வீட்டு மிக்ஸி, தெருமுனையில் திரும்ப முடியாமல் ஹார்ன் அடிக்கும் பள்ளி வேன், யாரோ துணியை அடித்துத் துவைப்பது. முன்னறைக்குள் மட்டும், சுவரோரம் மார்பு உயரத்துக்கு அடுக்கியிருந்த பதினைந்து அட்டைப்பெட்டிகளைச் சுற்றி, வெயில் ஏற ஏற அந்த வாடை வெதுவெதுப்பாகத் தடித்துக்கொண்டு வந்தது. மின்விசிறியைப் போட்டால் போய்விடும் என்று போட்டாள். வீடு முழுக்கப் பரவியதுதான் மிச்சம்.

அவள் கணவன் மகேஷ் பெட்டிக்குள் தலையையே விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, புது சாமான் வாசனைதான், வேறொன்றும் இல்லை என்றான். அவன் அம்மா சீதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். மசக்கைக்காரி மூக்குக்கு மல்லிகைப்பூவும் நாறத்தான் செய்யும் என்று சிரித்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள்.

இந்த ஐந்து மாதமாக அவள் எதைச் சொன்னாலும் இந்த வீட்டில் அதற்கு ஒரே பதில்தான், மசக்கை. ஆறு வருடத்தில் இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இதுதான் தங்கியிருக்கிறது, அதனால் படியேறாதே, குனியாதே, வேலைக்குப் போகாதே என்று டாக்டர் போட்ட உத்தரவுகளை எல்லாம் அவள் தலைமேல் ஏற்றுக்கொண்டாள். வாந்திதான் நிற்கவில்லை. மற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் விடுகிற சனியன் இவளைப் பிடித்துக்கொண்டே இருந்தது. இட்லி, கஞ்சி, இளநீர், எதுவும் அரை மணி நேரம் வயிற்றில் இருப்பதில்லை. எடை இன்னும் குறைந்தால் குழந்தைக்கு ஆகாது என்று போன தடவை டாக்டர் சொன்னபோது சிரிக்கவில்லை.

போதாக்குறைக்கு எச்சில் விஷயத்தில் அவள் சின்ன வயதிலிருந்தே ஒரு மாதிரி. அப்பா பஞ்சாட்சரம் வளர்த்த வளர்ப்பு. தம்ளரில் உதடு பட்டால் அந்தத் தம்ளரையே அவர் தனியாக எடுத்து வைத்துவிடுவார். மகேஷ் பிரியமாகக் கடித்துவிட்டு நீட்டும் மாம்பழத் துண்டைப் பார்த்தால், பிரியமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பெட்டிகளுக்குள் இருந்தது கல்ப் என்ற கையடக்க விளையாட்டு. நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் வந்தது. உள்ளங்கை அளவு சாம்பல் நிறப் பெட்டி, முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி, அதற்குப் பின்னால் சிவப்பு விளக்குப் புள்ளிகள். மேலேயிருந்து ஒரு புள்ளி விழும். கீழே மூன்று சின்னக் கோடுகள் இருக்கும், அதுதான் வாய். இரண்டு பொத்தானை அழுத்தி அந்த வாயை இடமும் வலமும் நகர்த்தி, விழுவதை விழுங்க வைக்க வேண்டும். விழுங்கினால் 'பிக்' என்று சத்தம். தவறினால் 'க்ர்ர்'. விழுங்க விழுங்க வாய் அகலமாகும். ஜெயிப்பது என்று ஒன்று அதில் கிடையாது. சரக்கடிக்கிறவர்கள் சொல்லும் அதே கல்ப்புதானா என்று மகேஷின் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள்.

மகேஷின் அப்பா அய்யாதுரை தி.நகரில் பொம்மைக்கடை வைத்த புதிதில் பர்மா பஜாரிலிருந்து அப்படி ஒன்றை வாங்கி வந்தார். விற்க வைத்திருந்ததை மகேஷ் எடுத்துக்கொண்டான். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது; அந்தப் பழைய பீஸ் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் அவர் போட்டோவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் ஒருமுறை அதே கம்பெனி அதைச் சாவிக்கொத்து அளவில் வெளியிட்டு, யாரும் சீண்டாமல் போனது. இப்போது மூன்றாவது முறையாக அச்சு அசல் பழையது மாதிரியே, பின்பக்கம் ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி போடும் அறை உட்பட, மறுபடி கொண்டு வந்திருக்கிறார்கள். சின்ன வயதில் இது கிடைக்காமல் ஏங்கிய நாற்பது வயது ஆண்கள் கடைக்கு வந்து ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். கூடவே சிலர் விளக்கு எரியவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் இந்தப் பதினைந்து பெட்டியிலும் இருந்த அறுநூறு பீஸையும் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இதைச் செய்யலாமே என்று அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மகேஷ் இரண்டு பேட்டரி கொடுத்தான். ஒரு பீஸ் எரியவில்லை என்றால் பீஸ் போய்விட்டதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். அவன் பேட்டரியைக் கழற்றி, அதன் தலையில் இருக்கும் இரண்டு உலோகப் பொத்தானையும் நாக்கு நுனியில் வைத்து, கண்ணைச் சுருக்கிச் சிரித்தான்.

"சுர்ருன்னு இழுத்தா உசுரு இருக்குன்னு அர்த்தம். எங்கப்பா சொல்லிக் குடுத்தது."

செத்தாலும் அதைச் செய்யமாட்டேன் என்றாள்.

செய்யத்தான் செய்தாள், மறுநாளே. நாற்பதாவது பீஸில் விளக்கு எரியவில்லை, மகேஷ் கடைக்குப் போய்விட்டான், அத்தை குளித்துக்கொண்டிருந்தார். பேட்டரியை டெட்டால் போட்டுத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு நாக்கு நுனியை நீட்டினாள். சுர்ர். புளிப்பும் துருவும் கலந்த ஒன்று நாக்கின் நடுவில் கோடு போட்டுக்கொண்டு ஓடி, தொண்டைக்குள் இறங்கியது. அதோடு கூடவே, ஐந்து மாதமாக நெஞ்சுக்குழியில் குந்திக்கொண்டிருந்த குமட்டல், ஸ்விட்சை அணைத்தது மாதிரி நின்றது.

அன்று மதியம் அவள் நான்கு இட்லி சாப்பிட்டாள். நான்கும் உள்ளேயே இருந்தன. சீதா திருஷ்டி சுற்றிப் போட்டாள். மகேஷுக்குப் போன் போட்டுச் சொன்னபோது நான்குமா என்று அவன் இரண்டு தடவை கேட்டான். அவள் கொஞ்சம் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அப்புறம் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஒருமுறை, யாரும் பார்க்காதபோது. அப்புறம் இரண்டு முறை. மாத்திரை மாதிரி வைத்துக்கொள்வோம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் துடைக்கிற வேலையை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் பீஸிலிருந்து கழற்றிய பேட்டரியை நேராக வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் பார்த்தாள். பேட்டரியின் தலை ஈரமாக இருந்தது. உலோகப் பொத்தானுக்கும் அந்த அறைக்கும் நடுவில் மெல்லிய நூல் ஒன்று இழுத்துக்கொண்டு நின்று, தொய்ந்து, அறுந்தது.

பேட்டரி கசிந்தால் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும் என்பது அவளுக்குத் தெரியும். இது பொருக்கு இல்லை. விரலில் தொட்டுத் தேய்த்தாள். வழுவழுப்பு. வெதுவெதுப்பு. நடுவில் பொடிப்பொடியாகக் குமிழி. மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுத்த பீஸை எடுத்தாள். மேலே ஒட்டிய ப்ளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. பிரித்து, பின் மூடியைத் தள்ளினாள். அதிலும் ஈரம். அதற்கடுத்ததிலும். ஏழு பீஸைத் திறந்து பார்த்தாள், ஏழிலும் யாரோ அப்போதுதான் துப்பிவிட்டுப் போன மாதிரி குளமாக நின்றது. இத்தனை நாளாக இதைத்தான். இந்த நாக்கால். ஓடிப்போய் வாஷ்பேசினில் எலுமிச்சம்பழத்தை வெட்டி நாக்கில் வைத்து, தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்தாள். கண்ணாடியில் தன் நாக்கைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் தரை துடைக்க வந்த முத்துமாரி பெட்டிகளுக்கு அடியில் மாப்பை விட்டாள். விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். மாப்பை இழுத்தால் வரவில்லை. வந்தபோது தரையோடு ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று இழுபட்டு வந்தது. முத்துமாரி பட்டினப்பாக்கத்துக்காரி. அம்மா மீன் விற்கிறாள், இவளும் மீன் செதிலுக்கு நடுவில் வளர்ந்தவள், எந்த நாற்றத்துக்கும் முகம் சுளித்து ஷண்முகப்ரியா பார்த்ததில்லை. அவள் இப்போது புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"யக்கா, இது மீன் நாத்தமும் இல்ல, குப்ப நாத்தமும் இல்ல. படுத்த படுக்கையா கெடக்கறவங்க வாயாண்ட குனிஞ்சா அடிக்கும் பாரு, அது. உள்ள இன்னாமோ கீதுக்கா."

தன்னைத் தவிர இன்னொரு மூக்குக்கும் அது தெரிகிறது என்பதில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. முத்துமாரி மாப்பை அங்கேயே சாய்த்துவிட்டு, பாக்கி வேலையை நாளைக்குச் செய்கிறேன் என்று போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் மகேஷ் வந்ததும் அவனை உட்காரக்கூட விடாமல் பெட்டியருகே இழுத்துப் போனாள். அவன் ஒரு பீஸை எடுத்து மூடியைத் திறந்து காட்டினான். காய்ந்து கிடந்தது. இன்னொன்று. காய்ந்து கிடந்தது. விரலை உள்ளே விட்டுத் தேய்த்து அவளிடம் நீட்டினான், தூசிகூட இல்லை. கடல்காற்று ஈரமாக இருக்கும், வியர்த்திருக்கும் என்றான். அலுப்போடு சொல்லவில்லை, பயந்து போய்ச் சொன்னான். பயம் பீஸைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. அவள் தலையைத் தடவினான். நாக்கைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

நிறுத்திவிட்டாள். கர்ப்பத்தில் சாம்பல் தின்கிறவர்கள், மண் தின்கிறவர்கள் உண்டு. தானும் அப்படி ஒருத்தி, இனி இல்லை. பேட்டரி இரண்டையும் குப்பையில் போட்டாள்.

முதல் நாளே வாந்தி திரும்பி வந்தது. இரண்டாம் நாள் தண்ணீரும் தங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது அவளுக்கு உறைத்தது, காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. இரண்டு வாரமாகத்தான் அது அசையத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்குள் குமிழி உடைகிற மாதிரி ஒரு சின்னத் துடிப்பு. இப்போது கையை வைத்துக்கொண்டு மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றுமில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒன்றுமில்லை. முதல் இரண்டு முறையும் இப்படி ஒரு மௌனத்துக்குப் பிறகுதான் எல்லாம் முடிந்தது என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு, நியாயமே இல்லாத கணக்கு. அப்போதெல்லாம் அசைவே தொடங்கியிருக்கவில்லை.

முன்னறையில் மகேஷ் உட்கார்ந்து, அவள் விட்ட வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தான். பீஸில் புது பேட்டரியைப் போட்டான்.

பிக்.

வயிற்றுக்குள் ஒன்று துள்ளியது.

பிக். துள்ளியது. பிக். துள்ளியது. க்ர்ர் என்றது, உள்ளே யாரோ பிடித்துக் கிள்ளியது போல் சுருக்கென்று வலித்தது. அவள் தலையணையைக் கடித்துக்கொண்டாள். மகேஷ் அந்தப் பீஸை அணைத்து உறையில் போட்டான். அசைவு நின்றது. அவன் அடுத்ததை எடுக்கும்வரை நின்றே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அடையாறில் ஸ்கேன். இருட்டு அறை, வயிற்றில் சில்லென்ற ஜெல், அந்த ஜெல்லின் வழுவழுப்பே அவளுக்குத் தாங்கவில்லை. டாக்டரம்மா கருவியை அழுத்தி நகர்த்தினார். தலை, முதுகெலும்பு, இதயம், எல்லாம் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு முகத்தைக் காட்டினார். திரையின் அடிப்பக்கத்தில் ஒரு வாய் திறந்து மூடியது. திறந்தது. மூடியது. டாக்டரம்மா கருவியை வலப்பக்கம் தள்ளினார். வாய் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் தள்ளினார். வந்தது.

"நல்லா முழுங்குது பாருங்க. பசியோ என்னவோ."

இந்த மாதத்தில் பனிக்குட நீரைக் குழந்தை விழுங்குவது வழக்கம்தான் என்று அவரே விளக்கினார். பயப்பட வேண்டியது அதைப் பற்றி இல்லை. அம்மாவின் எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது, குழந்தையின் வளர்ச்சி ஒரு வாரம் பின்தங்கியிருக்கிறது, இந்த வாரமும் சாப்பாடு இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எப்படியாவது சாப்பிடுங்கள் என்றார். எப்படியாவது என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே ஷண்முகப்ரியா ஆட்டோவில் வீடு வந்தாள்.

மகேஷ் அவளை இறக்கிவிட்டுவிட்டுக் கடைக்குப் போனான். சீதா கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று. முன்னறையில் திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாக விழுந்து, பெட்டிகளின் மேல் கிடந்தது. வாடை. அவள் மூக்கைப் பொத்தவில்லை. வாயில் நீர் ஊறியது. ஊறுகாயைப் பார்த்தால் ஊறுமே, அப்படி ஊறியது.

ஒரே ஒரு முறை. குழந்தைக்காக. பேட்டரி எங்கே என்று தேடினாள். மகேஷ் கையோடு எடுத்துப் போயிருந்தான். உறை பிரிக்காத பீஸை எடுத்தாள். பிரித்தாள். மூடியைத் தள்ளினாள். ஈரம் பளபளத்தது. பேட்டரி இல்லாத வெறும் அறை. குனிந்தாள். நாக்கை நீட்டினாள். நீட்டினாள். உள்ளே விட்டாள்.

உள்ளேயிருந்து ஒன்று திருப்பி நக்கியது.

கத்தவில்லை. கத்த வாயை எடுக்க வேண்டும். எடுக்க மனம் வரவில்லை. சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக, அது அவள் நாக்கைச் சுற்றி ஒரு தடவை தடவி ருசி பார்த்தது. அவளும் ருசி பார்த்தாள். வயிற்றுக்குள் துள்ளல்.

தோளில் ஒரு கை விழுந்தது. சீதா. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஷண்முகப்ரியாவின் கையிலிருந்து பீஸ் நழுவித் தரையில் விழுந்தது. மோவாயில் வழிந்ததை சீதா தன் முந்தானையால் துடைத்தாள். முகத்தில் கோபம் இல்லை, அருவருப்பும் இல்லை. எல்லாம் புரிந்துவிட்ட ஒருத்தியின் முகம்.

"இம்புட்டு நாளா இதுக்குத்தானா? வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?"

வேண்டாம் அத்தை, இதையெல்லாம் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள், இதற்குள் ஏதோ இருக்கிறது என்று அவள் சீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சீதா அவளைக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது வருடம் பட்டணத்தில் இருந்தும் மாறாத அந்தப் பேச்சில், மெதுவாகச் சொன்னாள்.

"மகேஷு வயித்துல இருக்கையில எனக்கு மண்ணெண்ணெ மேல அப்படி ஒரு ஆச. ஒரு சொட்டு நாக்குல வைக்கணும்னு கெடந்து தவிப்பேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டு அடக்கிக்கிட்டேன். என்னாச்சு? பத்து வயசு வரைக்கும் பயலுக்குக் காதுல சீழு. தெனமும் பஞ்சத் திரிச்சு திரிச்சு எடுப்பேன். அந்த நாத்தம் இன்னும் என் கையில இருக்கு, பிரியா. மசக்கையில ஆசப்பட்டது வயித்துக்குள்ள போயிரணும். ஆசப்படுதது நீ இல்ல. உள்ள இருக்கது."

எனக்கு ஒரு ஆசையும் இல்லை என்று ஷண்முகப்ரியா சொன்னாள். சீதா அவள் வயிற்றைப் பார்த்தாள்.

ஆனாலும் அவள் கேட்டதை அத்தை தட்டவில்லை. மறுநாள் காலையிலேயே மகேஷ் குட்டியானை வண்டி கொண்டுவந்து பதினைந்து பெட்டிகளையும் ஏற்றிக் கடைக்கு அனுப்பினான். சீதா முன்னறையை இரண்டு தடவை ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிட்டாள். கண்ணாடி அலமாரியில் அய்யாதுரையின் போட்டோ மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த பழைய பீஸையும் மகேஷ் எடுத்துப் போய்விட்டான் என்று ஷண்முகப்ரியா நினைத்துக்கொண்டாள். அப்பா ஞாபகமாக வைத்ததைக்கூடத் தனக்காக எடுத்துவிட்டானே என்று அவனை நினைத்துப் பாவமாக இருந்தது. வீட்டில் ஃபினாயில் வாசனையைத் தவிர எதுவும் இல்லை. பத்து மணிக்குக் குளித்துவிட்டுப் படுத்தவள் பல நாளுக்குப் பிறகு அயர்ந்து தூங்கினாள்.

எழுந்தபோது மணி ஒன்றரை. அடுப்படியிலிருந்து ரச வாசனை வந்தது. மிளகு, சீரகம், தட்டிப்போட்ட பூண்டு, கொத்தமல்லி. குமட்டவில்லை. தன் மூக்கை நம்ப முடியாமல் இன்னொருமுறை இழுத்து முகர்ந்தாள். பசித்தது.

சீதா தட்டில் குழைந்த சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். முதல் வாயிலேயே ஷண்முகப்ரியாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்ன புளிப்பு, என்ன காரம், அடியில் ஏதோ ஒரு சின்ன சுரீர். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். தம்ளரில் வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பொறுமை இல்லாமல் வாய் வைத்தே குடித்தாள். இன்னொன்று. இன்னொன்று. சீதா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. வயிற்றுக்குள் குழந்தை அசைந்தது, இத்தனை நாள் அடங்கிக் கிடந்ததற்கும் சேர்த்து.

இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ள அவளே எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ரசப் பாத்திரம் மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் அந்தப் பழைய பீஸ், குப்புறக் கிடந்தது. பின் மூடி இல்லை. பேட்டரி அறையைக் கரண்டிக் காம்பால் மூலைமூலையாகச் சுரண்டியிருந்தார்கள். தேங்காய் மூடியைச் சுரண்டியது மாதிரி சுத்தமாக இருந்தது. காம்பில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இளஞ்சிவப்பு. சதை. மேலே சொரசொரவென்று புள்ளிகள். அதன் நுனி இன்னும் மெல்லச் சுருண்டுகொண்டிருந்தது.

பின்னால் சீதா வந்து நின்றாள்.

"நல்லாக் கழுவி, மூணு கொதி விட்டுத்தான் எறக்குனேன். எச்சி எல்லாம் போயிருக்கும். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

விரலைத் தொண்டைக்குள் விட்டாள். இன்னும் உள்ளே. நகம் கீறியது. எதுவும் வரவில்லை. ஐந்து மாதம் காற்றுப் பட்டாலே வந்த வாந்தி, இப்போது ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே எதுவோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிக்.

தட்டில் கிடந்த பீஸிலிருந்து வரவில்லை. அதில் பேட்டரி இல்லை.

பிக்.

நைட்டியைத் தூக்கினாள். அத்தை நிற்கிறாரே என்ற வெட்கம் இல்லை. அடுப்படி ஜன்னலில் பட்டப்பகல் வெயில். அந்த வெயிலிலும் தெரிந்தது. விலா எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி. மெல்ல இறங்கியது. தொப்புளைத் தாண்டியது. அடிவயிற்றில் மூன்று சிவப்புக் கோடுகள். இடப்பக்கம் நகர்ந்தன. நின்றன. புள்ளி விழுந்தது.

பிக்.

இன்னொரு புள்ளி. ரசம்தான். அவள் குடித்ததுதான். பிக். இன்னொன்று. கோடுகள் நான்காயின. ஐந்தாயின. இடுப்பிலிருந்து இடுப்புவரை.

"பாத்தியா," என்றாள் சீதா. அவள் உள்ளங்கை ஷண்முகப்ரியாவின் வயிற்றில் இருந்தது. விரல் இடுக்கில் சிவப்பு தெரிந்தது. "எப்படி ஆசையாத் திங்குது பாரு."

புள்ளிகள் தீர்ந்தன. கோடுகள் இடப்பக்கம் போயின. வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். தேடின. மேலே எதுவும் இல்லை.

க்ர்ர்.

அடிவயிறு இறுகியது. அந்த இறுக்கம் அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு முறை. இடுப்பில் தொடங்கி முன்னால் வந்து முறுக்கிப் பிழியும் அதே வலி. தொடையில் ஒரு சொட்டு வெதுவெதுப்பாக இறங்கியது. குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. க்ர்ர். இன்னும் இறுகியது. போய்விடும். இதுவும் போய்விடும்.

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். சீதா பாத்திரத்தின் மூடியைத் திறந்து, அடியைக் கலக்கி, கெட்டியாக அள்ளிக் கரண்டியை அவள் உதட்டருகே கொண்டுவந்தாள். அந்த வாடை. தூங்கி எழுந்த வாயின் வாடை, மிளகையும் பூண்டையும் தாண்டி. கரண்டிக்குள் இளஞ்சிவப்பாக ஒரு துண்டு மிதந்து, நுனியைத் தூக்கிக் காற்றைத் தடவியது.

ஷண்முகப்ரியா வாயைத் திறந்தாள்.

கீழே, அவள் திறந்த அதே அளவுக்கு, அதுவும் திறந்தது.